ஒரு சாண் உயரம்

போன ஐப்பசியில் ஒரு நாள் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தேன், நேயர்களே! போனது என்னவோ வேறு காரியமாகத்தான். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கிறார்கள் அல்லவா? அந்த உலைக்களத்தை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு வரும்படி ஆசிரியர் உத்தரவு. மூர்மார்க்கெட் ஸ்டேஷனில் ரயிலேறி, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஒவ்வொரு ஊராக எண்ணிக்கொண்டே போய் இறங்கினேன். உலையையும் பார்த்தேன், வெந்தும் போனேன். அதைப் பற்றிப் பிறகு ஒரு வாரம் எழுதுகிறேன். இந்த வாரம் நான் சொல்ல வந்தது, திரும்பி வரும்போது மழைக்கு ஒதுங்கிய இடத்தைப் பற்றி.

ஒதுங்கிய இடம் ஒரு 'வே பிரிட்ஜ்' ஆபீஸ். லாரியைப் பாரத்தோடு ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிறார்களே, அந்த எடை மேடைக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்து அறை ஒன்று. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓர் இரும்பு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. நாற்காலியில் ஒரு பெண்மணி. முப்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். பெயர் வேண்டாம், என் எழுத்தினால் அவருடைய உத்தியோகத்துக்கு ஒரு குறைவும் வரக் கூடாது.

லாரி வந்து நிற்கும். அவர் ஜன்னல் வழியாக நம்பரைப் பார்ப்பார். கழுத்தை இடது பக்கம் திருப்பிக் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பார். தட்டுவார். மறுபடி ஜன்னல். மறுபடி திரை. சீட்டு அச்சாகி வந்ததும் ஜன்னல் கம்பிகளின் ஊடே நீட்டுவார். லாரி போனதும் என்ன செய்தார் தெரியுமோ? காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை டாக்டர்கள் உதறுவார்களே, அந்த மாதிரி வலது கையை நாலு உதறு உதறினார். அடுத்த லாரி. அது போனதும் மறுபடி நாலு உதறு.

மழை விடுகிற வழியாக இல்லை. சும்மா இருக்க முடியாமல், "என்ன அம்மா, கையை அப்படி உதறுகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுமில்லே சார். மரத்துப் போயிடுது. ராத்திரியிலேதான் ஜாஸ்தி. எழுப்பி விட்டுடுது" என்றார்.

"எந்த விரல்?"

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றையும் காட்டினார். மோதிர விரலில் பாதி. சுண்டு விரலுக்கு ஒன்றும் இல்லையாம்.

"கழுத்து?"

"அது எப்பவும் இருக்கிறதுதானே சார்!" என்று சிரித்தார். பிறகு, வெளி மனிதனிடம் சொல்வது சுலபம் என்பதாலோ என்னவோ, மெல்லிய குரலில் சொன்னார்: "தீபாவளி போனஸ் கைக்கு வரட்டும்னு இருக்கேன். வேலையை விட்டுடலாம்னு."

வீட்டுக்காரருக்குப் பக்கத்து ரோலிங் மில்லில் கான்டிராக்ட் வேலை. இரண்டு குழந்தைகள், பள்ளிக்கூடச் சம்பளம், குழுவில் வாங்கிய கடன். இரண்டு சம்பளத்தில் ஓடுகிற வண்டி ஒரு சம்பளத்தில் நின்று போகும் என்று அவருக்கே தெரியும். "மேனேஜரிடம் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"எந்த வாயாலே சார் சொல்றது? அங்கே உலை கிட்டே நிக்கிறாங்களே, அவங்களே ஒண்ணும் பேசறதில்லே. எங்க வீட்டுக்காரரு செவக்கக் காய்ஞ்ச இரும்பைக் கிடுக்கியாலே பிடிச்சுட்டு வராரு. நான் ஃபேனுக்குக் கீழே உக்காந்து டைப் அடிக்கிறேன். எனக்கு வலிக்குதுன்னா சிரிக்க மாட்டாங்களா?"

இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று காலையில்தான் உலைக்களத்தில் அரை மணி நிற்க முடியாமல் வெளியே ஓடி வந்திருந்தேன். ஆனால் வலி என்பது வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டா வருகிறது, உனக்கு முதல், எனக்கு அப்புறம் என்று?

உட்கார்ந்து எழுதுகிறவனுக்கும் நோய் உண்டு என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமல்ல. இத்தாலி தேசத்தில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். தொழிலாளிகளின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் போட்டார். சுரங்கக்காரன், குயவன் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தவர், குமாஸ்தாக்களையும் விடவில்லை. அவர்களுடைய நோய்க்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருப்பது, பிழை வரக் கூடாதே என்று மனத்தை இறுக்கிப் பிடிப்பது. முந்நூறு வருஷத்துக்குப் பிறகு கும்மிடிப்பூண்டி எடை மேடைக்கு வந்து பார்த்தாலும் அவர் அதே மூன்றைத்தான் எழுதியிருப்பார். மூன்றாவது காரணம் இங்கே லேசுப்பட்டதல்ல. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2018 ஏப்ரல் முதல், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும் என்று ஆயிற்று. எளாவூரைத் தாண்டினால் ஆந்திரா. லாரி நம்பரில் ஓர் எழுத்துப் பிசகினால் நடு ரோட்டில் வண்டி நிற்கும். யார் தலை உருளும் என்று சொல்ல வேண்டுமா?

அந்த அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தேன். எல்லாம் தப்பாக இருந்தது. யாரும் வேண்டுமென்று செய்த தப்பல்ல. அந்த இரும்பு மேஜை ஒரு காலத்தில் பேரேடு எழுதுவதற்காக வாங்கியது. தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் ஒரு நாள் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். நடுவில் பிரிண்டர் உட்கார்ந்துகொண்டதால் மானிட்டர் இடது மூலைக்குப் போய்விட்டது. பெட்டியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டதால் முழங்காலை நீட்ட இடமில்லை. ஜன்னல் நேர் எதிரே; வெளிச்சம் கண்ணில் குத்துகிறது. நாற்காலியோ கல்யாண மண்டபத்தில் போடுகிற ஜாதி.

நம்முடைய பெண்கள் உயரத்தில் சராசரி ஐந்தடி. மேஜைகளோ பெரும்பாலும் ஆறடி வெள்ளைக்காரனை மனத்தில் வைத்துப் பிறந்தவை. இந்திய உடம்புகளை அளந்து, நமக்கு எது பொருந்தும் என்று தேவ்குமார் சக்ரவர்த்தி என்கிற பேராசிரியர் ஒரு பெரிய புத்தகம் தயாரித்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம் அதை 1997-இல் வெளியிட்டது. மேஜை செய்கிற பட்டறைகளுக்கு அது எத்தனை தூரம் எட்டியதோ! பழைய கணக்குப்பிள்ளைகள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தரையில் சப்பணமிட்டு, முதுகுக்குத் திண்டு கொடுத்து, முன்னால் சாய்வுப் பெட்டி வைத்துக்கொண்டு எழுதினார்கள். பலகை சாய்ந்து முகத்துக்கு எதிரே வந்ததால் கழுத்தை அதிகம் குனிய வேண்டியதில்லை.

'இவ்வளவு பேசுகிறாயே, உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்பீர்கள். அடிபட்டுத் தெரிந்துகொண்டதுதான். 2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு வந்ததும், கட்டிலில் தலையணையைச் சாத்திக்கொண்டு மடிக்கணினியில் இந்தப் பத்தியை எழுதினேன். அடடா, என்ன சுகம்! மூன்றாவது மாதம் சட்டையை மாட்டக் கை தூக்க முடியவில்லை. பிஸியோதெரபி அம்மாள் ஒருவரிடம் போனேன். அவர் என் தோளைத் தொடவேயில்லை; ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லி, "முழங்கையிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றார். எல்லோரும் திரையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ ஆரம்பித்து, ஒன்றைச் சரி செய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்கிறார்களாம்.

நீங்களும் இப்போதே செய்து பாருங்கள். தோளை இறக்கி, மேல் கைகளை விலாவோடு தொங்கவிடுங்கள். முழங்கையை மடித்து முன் கையை நீட்டுங்கள். அந்த உயரத்தில், அல்லது அதற்கு ஒரு விரற்கடை கீழே, கீபோர்டு இருக்க வேண்டும். எடை மேடை அம்மாளுக்கு அது நாலு அங்குலத்துக்குக் குறையாமல் மேலே இருந்தது. அதனால் காலையிலிருந்து மாலை வரை தோளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். சும்மா தூக்கிப் பாருங்கள், ஐந்து நிமிஷம்!

மேஜையின் இரும்புக் காலை அறுக்க முடியாது. ஆகவே ஆளைத்தான் உயர்த்த வேண்டும். மூலையில் அதே மாதிரி இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. ஒன்றின்மேல் ஒன்றைச் சொருகினோம். சுமார் இரண்டு அங்குலம் ஏறியது. இரண்டு சாக்கை மடித்துப் போட்டோம்; முழங்கை மேஜைக்குச் சரியாக வந்தது. ஆனால் கால்கள் அந்தரத்தில் ஊஞ்சலாடின. கால் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி ரத்த ஓட்டம் தடைப்படும். உடம்பு தானாகவே முன்னால் வழுகி வந்துவிடும். மழைக்கு ஒதுங்கியிருந்த லாரி டிரைவர் ஒருவர், "இருங்கம்மா" என்று போய், பேக்கிங் பெட்டியின் பலகை இரண்டைக் கொண்டு வந்து போட்டார். கால் ஊன்றியது. காலடியிலிருந்த கம்ப்யூட்டர் பெட்டியை அந்த மனிதரே பக்கத்துக்கு இழுத்துவிட்டார்.

முதுகு நிமிர்ந்து தொண்ணூறு டிகிரியில் விறைப்பாக உட்கார வேண்டும் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. ஸ்வீடன் தேசத்து டாக்டர் ஆல்ஃப் நாக்கெம்ஸன் 1960-களில் மனிதர்களின் முதுகெலும்பு வட்டுக்குள்ளேயே ஊசியைச் செருகி அழுத்தத்தை அளந்து பார்த்தார். (சம்மதித்தவர்களுக்கு ஒரு கும்பிடு!) சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, நிற்பதைவிட அழுத்தம் அதிகம் என்று அவர் கண்டார். லேசாகப் பின்னால் சாய்ந்து, இடுப்புக் குழிவுக்கு ஓர் ஆதரவு கொடுத்தால் அழுத்தம் குறைகிறது. அந்த அம்மாளின் துண்டையே சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்தோம்.

கடைசியில்தான் திரை. பிரிண்டர் மூலைக்குப் போயிற்று. மானிட்டர் நடுவுக்கு வந்தது. மேஜையைக் கால் வட்டம் திருப்பி, ஜன்னல் இடது கைப் பக்கம் வரும்படி செய்தோம். திரைக்கு முன்னாலும் ஜன்னல் கூடாது, பின்னாலும் கூடாது. பக்கவாட்டில் இருந்தால் கண் கூசாது. கையை நீட்டினால் விரல் நுனி திரையில் படுகிற தூரம். உயரந்தான் பாக்கி. திரையின் மேல் வரி கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். அவருடையது ஒரு சாண் கீழே இருந்தது.

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். அந்தச் சிரசின் எடை சுமார் ஐந்து கிலோ. நேராக நிற்கும்போது கழுத்தின்மேல் அவ்வளவுதான். முப்பது டிகிரி குனிந்தால் சுமை பதினெட்டு கிலோவுக்குச் சமம் என்று, கென்னத் ஹன்ஸ்ராஜ் என்கிற நியூயார்க் முதுகெலும்பு டாக்டர் 2014-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அது மாதிரிக் கணக்குத்தான், கழுத்தில் தராசைத் தொங்கவிட்டுப் பார்த்ததல்ல. ஆனாலும் எடை போடுகிற இடத்தில் இதைச் சொன்னதும் டிரைவருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. "அப்போ ஓவர்லோடுன்னு சொல்லுங்க!" என்றார்.

அலமாரியில் தடித் தடியாக நாலு பழைய பேரேடுகள் இருந்தன, துணி அட்டை போட்டவை. எடுத்து மானிட்டருக்கு அடியில் வைத்தோம். சரியாக ஒரு சாண்.

நேயர்களில் இரு பார்வைக் கண்ணாடி போடுகிற பெரியவர்கள் மட்டும் இந்த இடத்தில் ஜாக்கிரதை! நீங்கள் கண்ணாடியின் கீழ்ப் பாகத்தால் பார்க்கிறவர்கள். திரையை உயர்த்தினால் மோவாயைத் தூக்கிக்கொண்டு பார்க்க வேண்டி வரும். உங்களுக்குத் திரை இன்னும் தாழவே இருக்கட்டும்.

மணிக்கட்டு விஷயம் சுலபமாக முடிந்தது. கீபோர்டுக்குப் பின்னால் மடக்குக் கால்கள் இரண்டு இருக்கும். எல்லோரும் அவற்றை நிமிர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். அதனால் மணிக்கட்டு மேல் நோக்கி வளைகிறது. மணிக்கட்டுக்குள் ஒரு குறுகலான சந்து. அதன் வழியாக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. கை வளைந்தால் சந்து நெருக்கும். நரம்பு நசுங்கினால், கட்டை விரலிலிருந்து பாதி மோதிர விரல் வரை மரத்துப்போகும். சுண்டு விரல் தப்பிவிடும், அதற்கு வேறு நரம்பு. கால்களை மடக்கிவிட்டோம். நான் பிளஸ் டூ முடித்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போன காலத்தில், மணிக்கட்டு மேஜையில் பட்டால் மாஸ்டர் அடிமட்டத்தால் ஒரு தட்டுத் தட்டுவார். அப்போது மனத்துக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லி வைத்தேன்: "அம்மா, இது மேஜை வைத்தியம். கை மரத்துப்போவதற்குச் சர்க்கரையும் காரணமாகலாம், தைராய்டும் காரணமாகலாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் போய்க் காட்டிவிடுங்கள்." டைப் அடிப்பது மட்டுமே இந்த வியாதியைக் கொண்டுவருகிறதா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. நான் தீர்ப்புச் சொல்ல யார்?

இந்தச் சமயத்தில் மேனேஜர் வந்துவிட்டார். நாற்காலிமேல் நாற்காலி, சாக்கு, பலகை, பேரேடு! அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெண்மணி எழுந்து நின்றுவிட்டார். நான் பத்திரிகைக்காரன் என்று சொன்னதும் மேனேஜரின் கோபம் பாதி இறங்கிற்று. "ஏ.சி. வேணும்னு கேட்டாங்களா, சார்?" என்றார். "ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தப்பு" என்றேன். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே, நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார ஆசனம் இருக்க வேண்டுமென்று 44-ஆம் பிரிவு சொல்லிற்று. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் வர வெகு காலம் ஆயிற்று. கேரளத்தில் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, 2018-இல் சட்டம் திருந்தியது. நம் சட்டசபையில் 2021 செப்டம்பரில் நிறைவேறியது. இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "இங்கே நாற்காலி இருக்கே சார்!" என்றார் மேனேஜர். அவர் சொன்னதும் நியாயந்தான். ஆசனம் வேண்டும் என்று சொன்ன சட்டம், அது யாருடைய முழங்கைக்கு எந்த உயரத்தில் என்று அளந்து சொல்லவில்லையே!

"ஒரு மாதம் இப்படியே இருக்கட்டும். பிறகு எடுத்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். மனிதர் யோசித்தார். லாரி ஹாரன் அடித்தது. "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

வீட்டில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் நேயர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 2011-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது முதல், கம்ப்யூட்டர் நம் வீட்டு மடிமேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதில் திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். திரையைக் கண்ணுக்கு உயர்த்தினால் கை அந்தரத்தில் போகும். கையைத் தாழ்த்தினால் கழுத்துக் குனியும். தனியாக ஒரு கீபோர்டும் மௌஸும் வாங்கி, மடிக்கணினியை அரிசி டப்பாமேலோ பழைய தீபாவளி மலர்கள்மேலோ ஏற்றி வையுங்கள். நம் பத்திரிகையின் மலர் இரண்டு இருந்தால் உயரம் சரியாக வரும் என்பது என் அனுபவம். (இது விளம்பரமல்ல!) இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பாருங்கள். திரையைப் பார்க்கிறபோது நாம் இமைப்பது பாதிக்கும் குறைந்துவிடுகிறது. கண் எரிவது அதனால்தான். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நில்லுங்கள். எவ்வளவு உயர்ந்த ஆசனமானாலும் ஒரேயடியாக உட்காருவதற்கு நம் உடம்பு ஏற்பட்டதல்ல.

தை மாதம் பொங்கல் கழித்து, உலைக்களத்துப் புகைப்படங்களுக்காக மறுபடி கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். எடை மேடைக்குப் போகாமல் இருப்பேனா? அந்தப் பெண்மணி அங்கேதான் இருந்தார். போனஸும் வாங்கியிருந்தார், வேலையையும் விடவில்லை. கழுத்து வலி பெரும்பாலும் போய்விட்டதாம். கை? "ஆஸ்பத்திரியிலே பார்த்தாங்க சார். தைராய்டு கம்மியாம். மாத்திரை குடுத்திருக்காங்க. ராத்திரியிலே மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கிறேன். முன்னே வாரத்துக்கு ஏழு நாளும் முழிப்பேன். இப்போ ரெண்டு நாள்." இப்போது சீட்டை ஜன்னல் வழியாக நீட்டுவதில்லை; எழுந்து வாசலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.

மானிட்டருக்கு அடியில் பேரேடுகளைக் காணோம். அவற்றின் இடத்தில் இழைத்து வார்னிஷ் அடித்த மரக்கட்டை ஒன்று இருந்தது.

"அதை ஏன் சார் கேக்கறீங்க!" என்றார். மார்கழியில் ஆடிட்டர் வந்தாராம். ஏதோ பழைய பாக்கித் தகராறு. எந்த வருஷத்துப் பேரேட்டைக் கேட்டார் என்றால், அடியிலிருந்து இரண்டாவதாக இருந்ததை! நாலையும் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். திரை ஒரு சாண் இறங்கிற்று. இரண்டாம் நாளே கழுத்து பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை அவர் சும்மா இருக்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போய், "சார், பேரேட்டைத் திருப்பிக் குடுங்க, இல்லே, வேற ஏதாவது குடுங்க" என்று நின்றுவிட்டார்.

"திட்டினாரா?"

"இல்லே சார். ஆசாரியைக் கூப்பிட்டு அளவு எடுக்கச் சொன்னாரு" என்றார். பிறகு வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு கட்டை செய்யச் சொன்னாரு. இன்னொண்ணு அவரு மேஜையிலே இருக்கு."